துரும்பை எப்போது இறக்குவது? – கற்பனை உதைபந்தாட்டத்தில் காத்திருப்பின் வரலாறு

2018 மார்ச் 17 ஆம் திகதி, சனிக்கிழமை. ஆன்ஃபீல்ட் மைதானத்தில் வட்ஃபோர்ட் அணியை லிவர்பூல் அணி 5-0 என்ற கணக்கில் தோற்கடித்தது. எகிப்திய வீரர் முகமது சலாஹ் தனியொருவராக 4 கோல்களைப் போட்டார். எஞ்சிய ஒரு கோலுக்கும் பந்தை எடுத்துக் கொடுத்தவர் அவரே. பத்திரிகைகளுக்கு அது ஒரு பெரிய வெற்றிச் செய்தி. ஆனால், இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் கற்பனை உதைபந்தாட்டத்தை ஆடுகின்ற இலட்சக்கணக்கானோருக்கு அன்று மாலை வேறொரு கணக்கு இருந்தது.

அந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். நடுக்கள வீரராகப் பதிவு செய்யப்பட்டிருந்த சலாஹ்வுக்கு ஒரு கோலுக்கு 5 வீதம் 20 புள்ளிகள். கோலுக்கு உதவியமைக்கு 3. முழுமையாக ஆடியமைக்கு 2. எதிரணி கோல் போடாதமைக்கு 1. ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான மேலதிகப் புள்ளிகள் 3. மொத்தம் 29. அவரைத் தலைவராக நியமித்திருந்தவர்களுக்கு அது 58 ஆனது. 'டிரிப்பிள் கப்டன்' என்ற சிறப்புச் சலுகையை அந்த வாரத்தில் பயன்படுத்தியிருந்தால் 87.

அந்த 31 ஆவது ஆட்டவாரத்தில் நடைபெற்றவை வெறும் 4 போட்டிகள் மட்டுமே. எஃப்.ஏ. கிண்ணக் காலிறுதிகளின் காரணமாக ஏனைய போட்டிகள் பிற்போடப்பட்டிருந்தன. டிரிப்பிள் கப்டனை ஓர் அணி இரு முறை ஆடும் வாரத்துக்காகப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும் என்பதே அனுபவசாலிகளின் மாறாத ஆலோசனை. ஒற்றைப் போட்டி மட்டுமே கொண்ட, அதுவும் பாதிக்கு மேல் வெறுமையான ஒரு வாரத்தில் அதனைச் செலவிடுவது ஊதாரித்தனம் என்று கருதப்பட்டது. அந்த ஊதாரித்தனமே அன்று பலித்தது.

'சிப்' என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படும் இந்தச் சிறப்புச் சலுகைகளை எப்போது பயன்படுத்துவது என்ற கேள்வி விளையாட்டுத்தனமானது என்று வாசகர்களில் சிலர் நினைக்கக்கூடும். இலண்டன், ரொரன்ரோ, ஒஸ்லோ, கொழும்பு என்று நான்கு திசைகளில் சிதறிக் கிடக்கின்ற எமது குடும்பத்து இளையவர்கள் தமக்குள் ஒரு சிறு லீக்கை நடத்தி வருகிறார்கள். பெரியவர்களான எங்களுடைய தொலைபேசி உரையாடல்கள் திருமணச் செய்திக்கும் மரணச் செய்திக்கும் சுருங்கிவிட்டன. அவர்களோ வாரந்தோறும் பேசிக்கொள்கிறார்கள். இலண்டனில் வாழும் எனது மருமகன் ஒருவன் என்னையும் அதில் சேர்த்துவிட்டான். "மாமா, இதை இப்ப பாவிக்கிறதோ, வைச்சிருக்கிறதோ?" என்பதே அவன் என்னிடம் ஓயாமல் கேட்கும் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பின்னால் உள்ள வரலாற்றைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

பத்திரிகையாளர்களின் கைவண்ணம்

எமது தொழிலைச் சேர்ந்தவர்களுக்குப் பெருமை தரக்கூடிய ஒரு செய்தி, இவ்விளையாட்டின் பிறப்பில் பத்திரிகையாளர்களுக்கு உள்ள பங்காகும். 1962 ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக், அணியுடன் நியூயோர்க் சென்றிருந்த வேளையில் ஒரு ஹோட்டலில் இருந்தவாறு கற்பனை லீக்கின் விதிகளை வகுத்தார். அவருடன் அமர்ந்திருந்தவர்களில் ஒருவர் 'ஓக்லண்ட் ட்ரிபியூன்' பத்திரிகையின் விளையாட்டுச் செய்தியாளர் ஸ்கொட்டி ஸ்டேர்லிங். மறு ஆண்டில் அந்த லீக் செயற்படத் தொடங்கியது. அது அமெரிக்கப் பாணி உதைபந்தாட்டம். ஆயினும், மெய்யான வீரர்களின் மெய்யான ஆட்டத்தைக் கொண்டு கற்பனை அணி ஒன்றை நடத்தும் எண்ணம் அங்கேதான் உருப்பெற்றது.

1980 இல் டேனியல் ஒக்ரென்ட் என்ற எழுத்தாளர் பேஸ்போலுக்கு இதே போன்றதொரு முறையை ஏற்படுத்தினார். நியூயோர்க்கில் அவரும் நண்பர்களும் கூடிய 'லா ரொட்டிசெரி ஃபிரான்சேஸ்' உணவகத்தின் பெயரே அவ்விளையாட்டுக்கும் நிலைத்தது. அதே ஒக்ரென்ட் 2003 இல் 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகையின் முதலாவது வாசகர் சார்பு ஆசிரியராக நியமிக்கப்பட்டார். அட்லாண்டிக்கைக் கடந்து வந்த இவ்வெண்ணத்தை இத்தாலியில் ரிக்கார்டோ அல்பினி 'ஃபன்டாகல்ச்சோ' என்ற பெயரில் பரப்பினார். இங்கிலாந்தில் அன்ட்ரூ வைன்ஸ்டைன் 1991 இல் 'ஃபன்டசி லீக்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1994 இல் 'டெய்லி டெலிகிராஃப்' பத்திரிகை அதனைத் தனது பக்கங்களில் வெளியிடத் தொடங்கியதும் அது மக்களின் விளையாட்டாகியது. இணையம் பரவுவதற்கு முந்திய அக்காலத்தில் வாசகர்கள் பத்திரிகையின் புள்ளி அட்டவணையைப் பார்த்துத் தமது கணக்கைச் சரிபார்த்தார்கள்.

பிரீமியர் லீக் தனது சொந்தக் கற்பனை விளையாட்டை 2002-03 பருவத்தில் இணையத்தில் ஆரம்பித்தது. முதற் பருவத்தில் அதனை ஆடியவர்கள் ஏறத்தாழ 76,000 பேர். 2022-23 பருவத்தில் அத்தொகை 1 கோடியே 10 இலட்சத்தைக் கடந்தது. 100 மில்லியன் பவுண் கற்பனைப் பணத்தில் 15 வீரர்களை வாங்க வேண்டும். ஒரு கழகத்திலிருந்து 3 பேருக்கு மேல் எடுக்க முடியாது. வாரத்துக்கு ஒரு மாற்றம் இலவசம். அதற்கு மேல் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 4 புள்ளிகள் தண்டம். தலைவராக நியமிக்கப்படும் வீரரின் புள்ளிகள் இரட்டிப்பாகும். இவ்வளவுதான் அடிப்படை.

கவிழ்த்து வைத்த சீட்டு

சலுகையைக் கையில் வைத்துக்கொண்டு தக்க தருணத்துக்காகக் காத்திருப்பது உதைபந்தாட்டத்தின் கண்டுபிடிப்பு அல்ல. ஐரோப்பிய நாடுகளின் நகரங்கள் தமக்குள் மோதிய 'ஜூ சான் ஃப்ரொன்டியர்' என்ற தொலைக்காட்சிப் போட்டியில் ஒவ்வோர் அணிக்கும் 'ஜோக்கர்' ஒன்று வழங்கப்பட்டது. அதனை எந்த ஆட்டத்தில் காட்டுகிறார்களோ அந்த ஆட்டத்தின் புள்ளிகள் இரட்டிப்பாகும். யாழ்ப்பாணத்தில் 304 விளையாடி வளர்ந்தவர்களுக்கும் இது புதிதல்ல. துரும்பைத் தெரிவு செய்தவர் அதன் அடையாளச் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதனைத் திறக்கும் வேளைக்காகக் காத்திருப்பார். பொறுமை இழந்து முந்தியவரும் தோற்பார். அளவுக்கு மீறிப் பொறுத்தவரும் தோற்பார்.

பிரீமியர் லீக்கின் கற்பனை விளையாட்டில் முதலில் இருந்தது 'வைல்ட்கார்ட்' மட்டுமே. தண்டப் புள்ளி எதுவுமின்றி முழு அணியையும் ஒரே வாரத்தில் மாற்றியமைக்க அது இடமளிக்கும். பிற்காலத்தில் பருவத்தின் முற்பாதிக்கு ஒன்று, பிற்பாதிக்கு ஒன்று என்று அது இரண்டானது. 2015-16 பருவத்தில் மேலும் மூன்று சிப்கள் வந்தன. தலைவரின் புள்ளிகளை மும்மடங்காக்கும் டிரிப்பிள் கப்டன் ஒன்று. வெளியே அமர்ந்திருக்கும் 4 பதில் வீரர்களின் புள்ளிகளையும் சேர்த்துக்கொள்ளும் 'பெஞ்ச் பூஸ்ட்' மற்றொன்று. தற்காப்பு வீரர்கள் இருவரை மட்டும் வைத்துக்கொண்டு முன்னே ஆட்களைக் குவிக்க அனுமதித்த 'ஓல் அவுட் அட்டாக்' மூன்றாவது. இந்த மூன்றாவது சிப்பில் இலாபம் சொற்பமாகவே இருந்தது. 2017-18 இல் அது கைவிடப்பட்டு 'ஃபிரீ ஹிட்' வந்தது. ஒரேயொரு வாரத்துக்கு விரும்பிய 15 பேரை நிறுத்திவிட்டு, அடுத்த வாரம் பழைய அணிக்கே திரும்பிவிடும் ஏற்பாடு அது.

சிப்கள் அறிமுகமான முதற் பருவத்திலேயே அவற்றின் சுபாவம் வெளிப்பட்டது. 2015 ஒக்டோபர் 3 ஆம் திகதி மன்செஸ்டர் சிட்டி அணியின் செர்ஜியோ அகுவேரோ, நியூகாசில் அணிக்கு எதிராக ஏறத்தாழ 20 நிமிட ஆட்ட நேரத்தில் 5 கோல்களைப் போட்டார். அதுவும் பருவத்தின் தொடக்கத்தில், ஒற்றைப் போட்டி வாரமொன்றில் நிகழ்ந்தது. துரும்பைப் பத்திரப்படுத்தியவர்கள் அதனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாட்காட்டியைப் படித்தவர்கள்

எனினும், காத்திருந்தவர்களை மூடர்கள் என்று கூறிவிட முடியாது. அவர்களுடைய தர்க்கம் வலுவானது. இங்கிலாந்தில் லீக் போட்டிகளுடன் எஃப்.ஏ. கிண்ணமும் லீக் கிண்ணமும் ஒரே காலத்தில் நடைபெறுகின்றன. கிண்ணப் போட்டியில் முன்னேறும் அணியின் லீக் போட்டி பிற்போடப்படும். அதனால் ஒரு வாரம் வெறுமையாகும். பிற்போடப்பட்ட போட்டி வேறொரு வாரத்தில் சேரும்போது அந்த வாரம் இரட்டையாகும். அணிக்கு இரு போட்டிகள் என்றால் 4 பதில் வீரர்களும் 8 தடவைகள் களமிறங்கக்கூடும். பெஞ்ச் பூஸ்டுக்கு அதைவிட உகந்த வாரம் கிடையாது. வெறுமையான வாரத்துக்கு ஃபிரீ ஹிட், இரட்டை வாரத்துக்கு முன்னதாக அணியைச் சீரமைக்க வைல்ட்கார்ட், இரட்டை வாரத்தில் பெஞ்ச் பூஸ்ட் என்ற ஒழுங்கு இவ்வாறுதான் மரபாகியது. வீரர்களின் திறமையை விடக் கிண்ணப் போட்டிகளின் நாட்காட்டியை நன்கு வாசிப்பவரே முன்னேறினார்.

காத்திருப்பு பலித்ததற்கும் உதாரணம் உண்டு. 2024 டிசம்பர் 7 ஆம் திகதி நடைபெறவிருந்த எவர்ட்டன் – லிவர்பூல் போட்டி, 'டராக்' புயலினால் பிற்போடப்பட்டு 2025 பெப்ரவரி 12 ஆம் திகதி நடைபெற்றது. அதனால் லிவர்பூலுக்கு ஓர் இரட்டை வாரம் உருவானது. பெப்ரவரி முதலாம் திகதி போர்ன்மவுத் அணிக்கு எதிராக சலாஹ் 2 கோல்களைப் போட்டார். எவர்ட்டனுக்கு எதிராகவும் ஒரு கோல் போட்டார். எந்த நிபுணரும் எதிர்வுகூறாத புயல் ஒன்று, துரும்பைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு வாரி வழங்கியது.

அதே நாட்காட்டி கைவிட்ட சந்தர்ப்பங்களும் உண்டு. 2024 பெப்ரவரியில் மன்செஸ்டர் சிட்டிக்கு செல்சி, பிரென்ட்ஃபோர்ட் ஆகிய இரு அணிகளுடனும் சொந்த மைதானத்தில் இரட்டை வாரம் அமைந்தது. எர்லிங் ஹாலண்டைத் தலைவராக்கி டிரிப்பிள் கப்டனை இறக்குவதற்கு அதைவிடச் சிறந்த வாரம் இருக்க முடியாது என்றே தோன்றியது. செல்சிக்கு எதிராக அவர் 9 தடவைகள் கோலை நோக்கி உதைத்தும் ஒன்றுகூடப் பலிக்கவில்லை. பிரென்ட்ஃபோர்ட் அணிக்கு எதிராக ஒரு கோல் போட்டார். இரு போட்டிகளிலும் சேர்த்து அவ்வளவே.

2020 மார்ச் 13 ஆம் திகதி கொரோனாத் தொற்றினால் லீக் நிறுத்தப்பட்டபோது, மாதக்கணக்கில் தீட்டிய திட்டங்கள் அனைத்தும் அந்தரத்தில் தொங்கின. ஜூன் 17 ஆம் திகதி போட்டிகள் மீண்டும் ஆரம்பமாகையில், சகலருக்கும் வரையறையற்ற வீரர் மாற்றங்கள் இலவசமாக வழங்கப்பட்டன. 2022 செப்டெம்பரில் எலிசபெத் மகாராணியார் காலமானதை அடுத்து 7 ஆவது ஆட்டவாரத்தின் போட்டிகள் யாவும் பிற்போடப்பட்டன. எதிர்காலம் எமது கணக்குக்குக் கட்டுப்பட்டதல்ல என்பதை இவ்விரு சம்பவங்களும் நினைவூட்டின.

விதி வகுப்போரும் பதுக்குவோரும்

இங்கே கிரிக்கெட்டின் அனுபவம் எமக்கு உதவுகின்றது. ஒருநாள் போட்டிகளில் துடுப்பெடுத்தாடும் அணி தான் விரும்பிய வேளையில் 5 ஓவர்களுக்கு 'பவர் பிளே' எடுக்கலாம் என்ற விதி 2008 இல் வந்தது. அணித்தலைவர்கள் துணிந்து முற்கூட்டியே எடுப்பார்கள், நடு ஓவர்களின் சலிப்பு நீங்கும் என்பதே எதிர்பார்ப்பு. நடந்தது வேறு. பெரும்பாலானோர் இறுதி ஓவர்கள் வரையில் அதனைப் பதுக்கி வைத்தார்கள். 16 ஆவது ஓவருக்கும் 40 ஆவது ஓவருக்கும் இடையில் எடுத்தேயாக வேண்டும் என்று 2011 இல் விதி திருத்தப்பட்டது. 2015 இல் அந்தச் சலுகையே நீக்கப்பட்டது.

நடுவரின் தீர்ப்பை மீளாய்வு செய்யும் முறை முதன்முதலில் பரீட்சிக்கப்பட்டது 2008 இல் இலங்கை மண்ணில், இந்திய அணியின் டெஸ்ட் சுற்றுப்பயணத்தின்போது. ஓர் இன்னிங்ஸில் 3 தவறான முறையீடுகளுக்கு மேல் இடமில்லை. இரு அணிகளுக்கும் ஒரே சலுகைதான். இலங்கை அணி அதனை நிதானமாகப் பயன்படுத்திப் பயனடைந்தது. இந்திய அணிக்கு அத்தொடர் முழுவதிலும் ஒரேயொரு முறையீடே பலித்தது. சலுகை எவருக்கும் சமம், பயன் சமமல்ல.

கற்பனை உதைபந்தாட்டத்தின் விதிகளும் இதே பாதையில்தான் சென்றன. 2024-25 பருவத்தில், தொடர்ச்சியாக 3 வாரங்களுக்கு ஒரு பயிற்றுநரைத் தெரிவு செய்யும் 'அசிஸ்டன்ட் மனேஜர்' சிப் பரீட்சிக்கப்பட்டு அடுத்த பருவத்தில் கைவிடப்பட்டது. 2025-26 பருவத்தில் பெரிய மாற்றம் வந்தது. நான்கு சிப்களும் இரு தொகுதிகளாக வழங்கப்பட்டன. முதற் தொகுதியை 19 ஆவது ஆட்டவாரத்தின் காலக்கெடுவுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும். கிண்ணப் போட்டிகளினால் உருவாகும் இரட்டை வாரங்கள் பெரும்பாலும் பிற்பாதியிலேயே வருபவை. ஆகவே, முற்பாதிக்கு உரிய சிப்களுக்கு நாட்காட்டி கைகொடுக்காது. எந்த வீரர், எந்த எதிரணி, எந்த மைதானம் என்று ஆட்டத்தையே படித்துத் தீர்மானிக்க வேண்டும். பதுக்குவோரின் கையிலிருந்து விதி துரும்பைப் பறித்து மேசைக்குக் கொண்டுவந்துவிட்டது.

மருமகனுக்குச் சொன்னது

இந்த வரலாற்றிலிருந்து நான் பெற்றுக்கொண்டவை நான்கு. அவற்றையே மருமகனுக்கும் எழுதினேன்.

முதலாவது, டிரிப்பிள் கப்டனை மிகைப்படுத்தக்கூடாது. தலைவரின் புள்ளி எப்படியும் இரட்டிப்பாகும் என்பதால், சிப் தருவது மேலும் ஒரு மடங்கு மட்டுமே. சலாஹ்வின் அந்த அற்புத நாளிலும் 58 க்கும் 87 க்கும் உள்ள வித்தியாசம் 29 தான். அண்மைக்காலப் பருவங்களின் வெற்றியாளர்கள் 2,500 புள்ளிகளுக்கு மேல் பெற்றவர்கள். 38 வாரங்களிலும் தலைவரைச் சரியாகத் தெரிவு செய்வதே பெரிய காரியம்.

இரண்டாவது, காத்திருப்பதற்கும் விலை உண்டு. பெஞ்ச் பூஸ்டுக்காக நல்ல வீரர்களை வெளியே அமர்த்தி வைத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் அவர்களுக்காகச் செலவிட்ட பணம் பயனின்றி முடங்குகின்றது. ஆயத்தமும் பயன்படுத்தலும் அடுத்தடுத்த வாரங்களில் அமைவதே சிக்கனம்.

மூன்றாவது, இதைவிடச் சிறந்த வாரம் உறுதியாக அறிவிக்கப்பட்டிருந்தால் மட்டுமே பொறுத்திருக்க வேண்டும். வரக்கூடும் என்ற நம்பிக்கை மாத்திரம் போதாது. காலக்கெடு நெருங்க நெருங்க, 'போதுமான அளவு நல்ல வாரம்' என்ற அளவுகோலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும்.

நான்காவது, தான் நிற்கும் இடத்தை அறிந்திருக்க வேண்டும். முன்னணியில் நிற்பவர் பெரும்பான்மையோர் பயன்படுத்தும் வாரத்திலேயே தானும் பயன்படுத்துவது பாதுகாப்பானது. இடைவெளி அப்போது விரியாது. பின்தங்கியவர் கூட்டத்தோடு கூட்டமாகச் சென்றால் பின்தங்கியவராகவே இருப்பார். 2019 டிசம்பரில் சதுரங்க உலக சம்பியன் மக்னஸ் கார்ல்சன் உலகத் தரவரிசையில் சிறிது காலம் முதலிடத்தில் இருந்தார். எந்தக் காயை எப்போது நகர்த்துவது என்பதையே வாழ்நாள் முழுவதும் பயின்ற ஒருவர் அந்த உயரத்தை எட்டியதில் எனக்கு வியப்பில்லை.

எங்கள் குடும்ப லீக்கில் நான் அவதானித்த ஒன்றையும் சொல்ல வேண்டும். சிப்கள் யாவும் தீர்ந்து, எட்ட முடியாத தூரத்தில் பின்தங்கிவிட்டவர்கள் மெல்ல மெல்ல மௌனமாகிவிடுகிறார்கள். அணியைத் திருத்துவதில்லை, உரையாடலுக்கும் வருவதில்லை. கையில் ஒரு துரும்பு எஞ்சியிருப்பவன் மட்டும் கடைசி வாரம் வரையில் வாதாடிக்கொண்டிருக்கிறான். நல்ல நாளுக்கென்று பெட்டகத்தில் வைத்த சேலையைக் கட்டாமலே போனவர்களை நாமறிவோம். ஆகவே, பதுக்கி வைத்து வீணாக்கும்படி எவருக்கும் நான் கூறமாட்டேன். ஆனால், சிறுவர்களில் எவனாவது பின்தங்கியிருந்தால், அவனிடம் உள்ள கடைசிச் சிப்பை அவசரப்படாமல் இறக்கும்படி கூறுவேன். இவ்விளையாட்டை வகுத்தவர்கள் புள்ளிகளுக்காக அதனை உருவாக்கியிருக்கலாம். ஒஸ்லோவிலிருந்து கொழும்புக்கு வாரந்தோறும் ஓர் அழைப்பு வருவதற்கு அது காரணமாக இருக்கும் வரையில், எங்கள் வீட்டில் அதன் பெறுமதி புள்ளிகளில் அளக்கப்படுவதில்லை.